உப்பு பார்த்தவன்

(ஜுபைலில் இருந்து வெள்ளிக்கிழமை மாலை நேரலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)

குரல் தெளிவாக வருகிறதா? டொராண்டோவில் இருந்து ஒருவர் கட்டைவிரலை உயர்த்துகிறார். நன்றி.

இந்த வரிசைக்கு அமைப்பாளர்கள் வைத்த பொதுத் தலைப்பு 'இலக்கியத்தில் உணவு'. எனக்கு முன் பேசியவர்கள் சங்கப் பாடல்களின் ஊன்சோற்றையும் தஞ்சாவூர் எழுத்தாளர்களின் காபியையும் பேசி எல்லோருக்கும் பசியைக் கிளப்பிவிட்டுப் போயிருக்கிறார்கள். என்னை ஏன் கூப்பிட்டார்கள் என்று எனக்கே கொஞ்சம் சந்தேகம்தான். பதின்மூன்று மாதம் ஐந்தே பொருட்களைத் தின்று வாழ்ந்தவன் நான். அந்த ஐந்தில் ஒன்று உப்பு. ஆகவே விருந்தை விட்டுவிட்டுப் பத்தியத்தைப் பற்றிப் பேசுகிறேன். ஒரு நோன்புக் கஞ்சியில் இருந்து தொடங்குகிறேன்.

2021 ஏப்ரல், ரமலான் மாதம். கொரோனா முழுதாக விலகாத நேரம். ஜுபைல் பலத் பகுதியில் ஒரு பழைய வில்லாவில் நாங்கள் ஆறு பேர் இருந்தோம். நான்கு பேர் நோன்பு வைப்பவர்கள். சமைப்பது காயல்பட்டினத்துத் தம்பி ஒருவர். நோன்பு வைத்துக்கொண்டு சமைப்பவருக்கு ஒரு சிக்கல் உண்டு, உங்களில் வளைகுடாவில் இருந்தவர்களுக்குத் தெரியும். உப்பு பார்க்க முடியாது. மதியம் மூன்றரை மணிக்குக் கஞ்சி கொதித்துக்கொண்டிருக்கும். அவர் என் அறைக் கதவைத் தட்டி, "அண்ணே, உப்பு பாருங்க" என்பார். ஐந்து வருடமாக அது என் வேலை. வேலை என்று சொல்வதைவிட பதவி என்று சொல்லலாம். நோன்பில்லாத ஒருவன் அந்த வீட்டு நோன்பில் பங்கெடுக்கும் வழி அது.

அன்று ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தேன். உப்பே இல்லை. "போடவே இல்லையா தம்பி?" என்றேன். "போட்டேனே அண்ணே" என்று தலையைச் சொறிந்தார். நான் ஒரு கை அள்ளிப் போட்டுக் கிண்டிப் பார்த்தேன். இன்னும் போதவில்லை. மறுபடி போட்டேன்.

பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழத்தைக் கடித்துவிட்டு முதல் வாய்க் கஞ்சியைக் குடித்தவரின் முகத்தை நான் மறக்க மாட்டேன். பகல் முழுக்கத் தண்ணீர் கூடக் குடிக்காத மனிதர். துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் என்னைப் பார்த்தார். ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருவர் மெல்ல எழுந்து ஜன்னலைத் திறந்தார். இன்னொருவர் முகக்கவசத்தை மாட்டிக்கொண்டார். வாயில் ருசி தெரியவில்லை என்றால் அந்த வருடம் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

மறுநாள் பரிசோதனை. கொரோனா இல்லை. வீடே நிம்மதியாக மூச்சு விட்டது. எனக்கு மட்டும் நிம்மதி வரவில்லை. ஏனென்றால் ருசி போனது நேற்று அல்ல என்று எனக்குத் தெரியும். பல மாதங்களாகவே போய்க்கொண்டிருந்தது. அதை நான் நோய் என்று நினைக்கவில்லை. சாதனை என்று நினைத்திருந்தேன்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

எனக்கு இருப்பது கிரோன் நோய். 1932-இல் நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனையைச் சேர்ந்த கிரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் என்ற மூன்று மருத்துவர்கள் சேர்ந்து எழுதிய கட்டுரையால் உலகம் இதை அறிந்தது. ஆங்கில அகரவரிசையில் கிரோன் முதலில் வந்ததால் நோய்க்கு அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. அதற்கு 19 வருடம் முன்பே, 1913-இல், ஸ்காட்லாந்தின் டால்ஸியல் என்ற அறுவை மருத்துவர் இதே போன்ற நோயாளிகளைப் பற்றி எழுதிவிட்டார். பெயர் கிடைப்பது எப்போதும் அதிர்ஷ்டம்தான், இலக்கியத்தில் போலவே. நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தி நம் குடலையே எதிரியாக எடுத்துக்கொள்ளும் நோய் இது. வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கும் வரலாம். அதிகம் தாக்குவது சிறுகுடலின் கடைப்பகுதியை. புண்ணாகும், ஆறும், ஆறிய இடம் தழும்பாகிச் சுருங்கும்.

நம் ஊரில் இதற்கு ஒரு இரட்டைப் பிறவி உண்டு: குடல் காசநோய். அதே இடம், அதே வலி, அதே எடை இழப்பு, உள்நோக்கியில் பார்த்தாலும் ஏறக்குறைய அதே புண். பிரித்தறிவது தேர்ந்த மருத்துவர்களுக்கே கடினம். காசநோய் அதிகம் உள்ள நாடு என்பதால் பலருக்கு முதலில் அந்த மருந்தைக் கொடுத்து இரண்டு மூன்று மாதம் பார்ப்பது இந்தியாவில் வழக்கம். எனக்கும் 2011-இல் அப்படித்தான் நடந்தது. 2013-இல் குடல் அடைத்துக்கொண்டு, கடைச் சிறுகுடலில் 40 சென்டிமீட்டரை வெட்டி எடுத்தார்கள். வெட்டிய துண்டைச் சோதித்த பிறகுதான் பெயர் தெரிந்தது. 2015-இல் இங்கே வந்தேன். ஒரு ஆலையில் கருவிப் பிரிவில் டெக்னீஷியன்.

2020 மார்ச்சில் ஊரடங்கு. விமானம் இல்லை, மருத்துவமனைக்குப் போகவே பயம். நோய் அப்போது மறுபடி தலைதூக்கியிருந்தது. ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு முறை கழிப்பறை. ஷிப்டில் நிற்பவனுக்கு அது எவ்வளவு பெரிய அவமானம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எதைத் தின்றால் வலிக்கிறதோ அதை நிறுத்தினேன். முதலில் காரம், பிறகு பருப்பு, பிறகு கீரை, பழம், கோதுமை, மீன், எண்ணெய். ஒவ்வொன்றை நிறுத்தும்போதும் கொஞ்சம் அமைதி கிடைத்தது. கடைசியில் மிஞ்சியது வெள்ளை அரிசிக் கஞ்சி, தயிர், தோல் சீவி வேகவைத்த சுரைக்காய், முட்டையின் வெள்ளைக்கரு, உப்பு. மூன்றே மாதத்தில் வலி நின்றது. வயிறு ஒரு நாளைக்கு இரண்டு முறையோடு அடங்கியது.

உணவால் இந்த நோய் அடங்கும் என்பது மூடநம்பிக்கை இல்லை, இதைச் சொல்லிவிட வேண்டும். கிரோன் உள்ள குழந்தைகளுக்கு ஆறிலிருந்து எட்டு வாரம் வழக்கமான உணவு எதுவும் இல்லாமல் சத்துப்பால் மட்டும் கொடுப்பது இன்று பல நாடுகளில் முதல் சிகிச்சை. எலைன் காட்ஷால் என்ற அம்மையார், தன் மகளின் குடல் நோய்க்கு ஒரு மருத்துவர் சொன்ன உணவு முறையால் குணம் கண்டு, பிறகு தானே படித்து 1987-இல் புத்தகமே எழுதினார். லட்சக்கணக்கானவர்கள் படித்த புத்தகம். அதில் அரிசி கூடாது! சுண்ணாம்புக் கோட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்று கபடி ஆடுவதுபோல, ஒருவர் பத்தியத்தில் அமிர்தமாக இருப்பது இன்னொருவர் பத்தியத்தில் விஷம். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

எனக்கு உறைக்கவில்லை. ஏனென்றால் எனக்குள் இருந்த வாசகன் விழித்துக்கொண்டான். திருக்குறளில் 'மருந்து' அதிகாரத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். காந்தியின் ஆசிரம விரதங்களில் 'அஸ்வாதம்' என்று ஒன்று உண்டு, ருசிக்காக உண்ணாமல் இருப்பது. அதையும் படித்தேன். ஆறேழு மாதம் போனபோது கஞ்சிக்கும் தயிருக்கும் வித்தியாசம் தெரியாமல் போயிற்று. பக்கத்து அறையில் கறி வறுபடும், மனம் அசையாது. நண்பர்கள் குழுவுக்கு அந்த டிசம்பரில் ஒரு நீண்ட கடிதம் எழுதினேன். நாக்கை வென்றுவிட்டேன் என்று. பலர் பாராட்டினார்கள். ஒருவர் என்னைச் சித்தர் என்றே அழைத்தார். அந்தக் கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. இன்று வாசித்துக் காட்ட மாட்டேன், அந்த அளவுக்கு எனக்குத் துணிச்சல் இல்லை.

வேறு சில மாற்றங்களும் வந்தன. பதினோரு கிலோ குறைந்தது, அது எதிர்பார்த்தது. வாயின் இரு ஓரமும் வெடித்தது. பாலைவனக் காற்று என்றேன். ஸ்பேனர் பட்டு விரலில் ஏற்பட்ட சின்னக் காயம் ஆறு வாரம் ஆறவில்லை. வேலை அப்படி என்றேன். உள்ளங்காலில் எறும்பு ஊர்வது போல இருந்தது. பாதுகாப்பு பூட்ஸ் இறுக்கம் என்றேன். முடி கொட்டியது, ஜுபைல் தண்ணீர் என்றேன். இங்கே இருக்கும் எல்லோருக்கும் முடி விஷயத்தில் தண்ணீர்தான் குற்றவாளி. வயிற்றைத் தவிர எல்லா இடத்திலும் ஏதோ ஒன்று நடந்துகொண்டிருந்தது. நான் வயிற்றை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தேன்.

கஞ்சி உப்புக் கரித்த அடுத்த வாரம், காயல்பட்டினத்துத் தம்பியே என்னை ஒரு கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனார். சிரியாவைச் சேர்ந்த ஒரு பெண் மருத்துவர். என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டார். பெருமையாகச் சொன்னேன். ஐந்து பெயர்களையும் எழுதிக்கொண்டு, பேனாவை மூடாமல் காத்திருந்தார். "பிறகு?" என்றார். பிறகு ஒன்றும் இல்லை என்றேன். தாளைத் திருப்பி என் பக்கம் வைத்துவிட்டு, இரத்தம் எடுக்கச் சொன்னார்.

முடிவுகள் வந்தன. வைட்டமின் பி12 மிகக் குறைவு. வைட்டமின் டி குறைவு. வருடம் முழுக்க வெயில் கொளுத்தும் இந்த நாட்டில் அது சர்வசாதாரணம், தலையிலிருந்து கால் வரை மூடிய உடுப்பில் வேலை செய்பவனுக்குச் சொல்லவே வேண்டாம். இரும்பு குறைவு. துத்தநாகம், அதாவது ஜிங்க், மிகக் குறைவு.

பி12 கதை எளிது. அது உறிஞ்சப்படும் இடமே கடைச் சிறுகுடல்தான். என்னுடையது வெட்டிப் போட்டாயிற்று. மாதம் ஒரு ஊசி போட வேண்டும் என்று ஊரில் சொல்லியிருந்தார்கள். 2018 வாக்கில் சோம்பலில் விட்டுவிட்டேன். கல்லீரல் இந்தச் சத்தைச் சில வருடங்களுக்குச் சேர்த்து வைத்திருக்கும். அதனால் ஊசியை விட்ட அன்று ஒன்றும் நடக்காது. மூன்று வருடம் கழித்து உள்ளங்காலில் எறும்பு ஊரும். இன்னும் விட்டிருந்தால் நரம்புச் சேதம் திரும்பாமலே போயிருக்கலாம்.

துத்தநாகக் கதைதான் எனக்குப் பிடித்தது. நான் இருப்பது வளைகுடாவின் இந்தக் கரை. எதிர்க்கரை ஈரான். அங்கே ஷிராஸ் நகரத்தில் 1958-இல் ஆனந்த பிரசாத் என்ற மருத்துவரிடம் ஒரு நோயாளி வந்தார். பிரசாத் நம்மவர், பீகாரின் பக்ஸரில் பிறந்தவர். நோயாளிக்கு வயது 21, பார்த்தால் பத்து வயதுப் பையன். வளர்ச்சி இல்லை, பருவம் வரவில்லை, கடுமையான ரத்தசோகை. புளிக்க வைக்காத கோதுமை ரொட்டியே அவர் உணவு, கூடவே மண் தின்னும் பழக்கம். ஒருவர் மட்டும் இல்லை, அப்படிப் பலர். புளிக்காத ரொட்டியில் உள்ள பைட்டேட் என்ற பொருள் துத்தநாகத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்புக்குக் கொடுக்காது. மனிதனுக்குத் துத்தநாகப் பற்றாக்குறை வரும் என்று அன்றைக்கு யாரும் நம்பவில்லை. பிரசாத் எகிப்துக்குப் போய், 1960-களின் தொடக்கத்தில் அதை நிறுவினார். துத்தநாகம் கொடுத்ததும் அந்த இளைஞர்கள் வளர்ந்தார்கள், மீசை முளைத்தது.

துத்தநாகம் குறைந்தால் காயம் ஆறாது, முடி கொட்டும். நாக்கின் ருசி மழுங்கும். வயிற்றுப்போக்கு நீண்ட நாள் இருந்தால் அது உடம்பில் தங்காமல் போய்க்கொண்டே இருக்கும். எனக்கு உள்ளே வருவதும் இல்லை, இருந்ததும் தங்கவில்லை. ஆக, நாக்கை நான் வெல்லவில்லை. நாக்கு பட்டினியில் மயங்கிக் கிடந்தது. அதன்மேல் கால் வைத்து நின்று வெற்றிக் கடிதம் எழுதியிருக்கிறேன்.

(திரையில் சிரிக்கிறார்கள். சிரிக்கலாம், நானும் சிரித்தேன், ஒரு வருடம் கழித்து.)

ஒரு எச்சரிக்கை: இதைக் கேட்டுவிட்டு நாளைக்கே கடையில் ஜிங்க் மாத்திரை வாங்காதீர்கள். அது அதிகமானால் உடம்பில் செம்பு குறையும், அது வேறொரு கதையாகும்.

இவற்றை எல்லாம்விட என்னை உலுக்கியது கடைசித் தாள். மலத்தில் கால்புரோடெக்டின் என்று ஒன்றை அளப்பார்கள். குடலில் அழற்சி எவ்வளவு என்று காட்டும். 50-க்குள் இருந்தால் நல்லது. எனக்கு 640. வலி இல்லை, ஓட்டம் இல்லை, ஆனால் உள்ளே எரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

ஆலையில் எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு அலாரம் ஓயாமல் கத்தினால், காரணம் தெரியும் வரை அதை பைபாஸ் செய்வோம். தவறில்லை, சில நேரம் தேவை. ஆனால் அதற்கு ஒரு பதிவேடு இருக்கிறது. யார் பைபாஸ் செய்தது, யார் அனுமதி, எந்தத் தேதிக்குள் திரும்ப எடுக்க வேண்டும், அதுவரை எதை வேறு வழியில் கண்காணிக்க வேண்டும், எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எடுக்க மறந்த பைபாஸைவிட ஆபத்தான பொருள் ஒரு ஆலையில் கிடையாது. அந்தப் பதிவேட்டில் தினமும் கையெழுத்துப் போடுகிறவன் நான். என் வயிற்றுக்குப் பதிவேடு வைக்கத் தோன்றவில்லை.

நம் மரபில் அந்தப் பதிவேடு இருந்தது என்பதுதான் வேடிக்கை. 'பத்யம்' என்ற வடசொல் பாதை என்ற சொல்லில் இருந்து வருவது. பாதைக்குப் பொருந்துவது, உடம்புக்கு ஒத்துவருவது. அதாவது எதைச் சாப்பிட வேண்டும் என்பதே பத்தியம். ஒத்துவராதது அபத்தியம். தமிழ்ப் பேச்சுவழக்கில் அது மெல்லத் தலைகீழாகி, எதைச் சாப்பிடக் கூடாது என்பதே பத்தியம் ஆகிவிட்டது. சித்த மருத்துவத்தில் மருந்து முடிந்த பிறகு 'மறுபத்தியம்' என்று ஒரு கட்டம் உண்டு. பிறகு பத்தியம் முறிப்பார்கள். முடிவுத் தேதி இல்லாத பத்தியம் நம் பாட்டிமார்களுக்குத் தெரியாது. 2019-இல் இஸ்ரேலிய மருத்துவர் ஆரி லெவின் குழு வெளியிட்ட கிரோன் விலக்கு உணவு முறையும் அப்படித்தான். முதல் ஆறு வாரம் கடுமையான விலக்கு, குறையும் சத்துக்கு சத்துப்பால், அடுத்த ஆறு வாரத்தில் ஒவ்வொன்றாகத் திறப்பு. அதில் தின்றே ஆக வேண்டியவை என்றும் ஒரு பட்டியல் உண்டு. என் பட்டியலில் அந்தப் பக்கம் காலியாக இருந்தது.

குறைவான உணவு என்ன செய்யும் என்பதை உலகம் கற்றுக்கொண்ட இடங்களில் நம் ஊரும் ஒன்று. குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் என்ற அயர்லாந்து மருத்துவர் இந்தியாவின் வெவ்வேறு பகுதி உணவுகளை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். கோதுமையும் பாலும் பருப்பும் காய்கறியும் கொண்ட சீக்கிய உணவு தின்ற எலிகள் முதலிடம். அரிசியை நம்பிய மதராஸ் உணவு தின்றவை பின்வரிசை. அந்தக் குன்னூருக்கு 1929-இல் வந்தவர் லூசி வில்ஸ். பம்பாயில் ஆலைத் தொழிலாளர் குடும்பத்துக் கர்ப்பிணிகள் ஒருவகை ரத்தசோகையால் இறந்துகொண்டிருந்தார்கள். காரணம் தேடி வந்தவர். ஈஸ்ட் சாறான மார்மைட்டைக் கொடுத்து அவர்களைத் தேற்றினார். அதில் இருந்தது என்ன என்று அப்போது தெரியாது, பிற்பாடு அதற்கு ஃபோலேட் என்று பெயர் வந்தது. 1931-இல் அவர் சென்னையில் கோஷா ஆஸ்பத்திரியில் வேலை செய்திருக்கிறார். நம் சேப்பாக்கம் கோஷா ஆஸ்பத்திரி. அந்தப் பெண்கள் யாரும் பத்தியம் இருக்கவில்லை. அவர்களுக்குக் கிடைத்ததே அவ்வளவுதான். அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எல்லாம் கிடைக்கும் சூப்பர் மார்க்கெட்டுக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டு, கிடைக்காதவர்களின் உடம்பை நானே எனக்குத் தயாரித்துக்கொண்டிருந்தேன்.

குறளுக்கு வருகிறேன். 'மருந்து' அதிகாரத்தில் பத்துக் குறள். நடுவில் இருக்கும் ஆறு குறள்கள் உண்ணும் அளவு, செரித்த பின் உண்ணுதல் பற்றியவை. நான் அந்த ஆறை மட்டும் பிடித்துக்கொண்டேன். முதல் குறளைத் தாண்டிப் போயிருந்தேன். கூடினாலும் நோய், குறைந்தாலும் நோய் என்றுதான் அதிகாரமே தொடங்குகிறது. பரிமேலழகர் அதற்கு உணவும் செயலும் அளவில் மிகுவதும் குறைவதும் என்றே உரை சொல்கிறார். கடைசி மூன்று குறள்கள் மருத்துவரையும் மருத்துவத்தையும் பற்றியவை. அவற்றையும் தவிர்த்துவிட்டேன், கிளினிக்கைத் தவிர்த்தது போலவே. கடைசிக் குறள் மருத்துவத்தை நான்காகப் பிரிக்கிறது: நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்தில் இருந்து கவனிப்பவர். அந்த நான்காமவருக்கு வள்ளுவர் வைத்த பெயர் 'உழைச்செல்வான்'. உழை என்றால் பக்கம். பேச்சிலர் அறைகளில் வாழும் நமக்கு அந்த நான்காமவர் யார் என்று நினைத்துப் பாருங்கள். மனைவி ஊரில். அம்மாவிடம் சொன்னால் அழுவாள். எனக்கு, கஞ்சிக்கு உப்பு பார்க்கச் சொன்னவர்தான் அந்த நான்காமவர்.

இப்போது எப்படி இருக்கிறேன் என்று கேட்பீர்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு ஊசி, வயிற்றுத் தோலில் நானே போட்டுக்கொள்வது. அறைக் குளிர்பெட்டியில் மீன் பொட்டலத்துக்கு மேலே இருக்கும். பி12 ஊசி மாதம் தவறுவதில்லை. சென்னையில் இருக்கும் உணவு ஆலோசகர் ஒருவர் வீடியோவில் பேசி, வாரத்துக்கு ஒரு பொருளாக என் பட்டியலைத் திறந்துவிட்டார். முதலில் மஞ்சள் கரு. அடுத்து வாழைப்பழம். மூன்றாவது வாரம் மீன்; அதற்கு வயிறு தகராறு செய்தது, இரண்டு மாதம் கழித்து மறுபடி முயன்றோம், ஒத்துக்கொண்டது. பருப்பு இன்னும் பாதி சண்டையில் இருக்கிறது. பச்சைக் காய்கறி கிடையாது. கால் எறும்பு முழுதாகப் போகவில்லை, குளிர்காலத்தில் வரும். குணமாகிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். கிரோனுக்கு அந்தச் சொல் பொருந்தாது.

ருசி திரும்ப ஏறக்குறைய நான்கு மாதம் ஆனது. முதலில் தெரிந்தது வெந்தயத்தின் கசப்பு. பெருநாள் கழிந்து வெகு நாள் ஆகியும் தம்பி எனக்காக வெள்ளிக்கிழமைகளில் கறி போடாமல், வெந்தயமும் பாசிப்பயறும் போட்டுக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார். ஒரு வெள்ளிக்கிழமை "கசக்குதே" என்றேன். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மற்றவர்களைக் கூப்பிட்டார். ஐந்து பேரும் சமையலறையில் நின்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் 2023-இல் ஃபைனல் எக்ஸிட்டில் போய்விட்டார். இப்போது காயல்பட்டினத்தில் சின்னக் கடை. ரமலானில் மாலை வேளைகளில் வீடியோவில் கூப்பிடுவார். கேமராவைக் கஞ்சிப் பானைக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, இங்க எல்லாரும் நோன்பு, உப்பு பாக்க ஆளே இல்ல" என்பார்.

நேரமாகிவிட்டது. இங்கே எட்டரை, ஊரில் பதினொன்று. கேள்விகள் இருந்தால் எழுதுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.